பெற்றோர் பட்டியலில் இல்லாத வேலை

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கட்-ஆஃப் எவ்வளவு, கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் டேட்டா சயின்ஸ், அதுவும் இல்லையென்றால் பி.காம். படித்துவிட்டு வங்கித் தேர்வு. மாமா ஒருவர் நர்சிங் என்பார். சித்தப்பா மரைன் என்பார். சர்வேயருக்குப் படிக்கலாமே என்று சொல்லும் குரல் அபூர்வம். தாத்தா விட்டுப்போன இரண்டு ஏக்கரைப் பங்கு பிரிக்க முடியாமல், ஒரு சர்வேயரின் வருகைக்காக மாதக்கணக்கில் மனு போட்டுக் காத்திருக்கும் வீடுகளிலும் இதே நிலைதான்.

நிலத்தையும் கட்டடத்தையும் அளந்து, வரைந்து, எல்லை சொல்லும் வேலைக்கு இங்கே ஆள் போதவில்லை. கணக்கில் விருப்பமும் வெயிலில் நடக்கத் தயங்காத மனமும் உள்ள பதினேழு வயதுப் பெண்ணுக்கோ பையனுக்கோ இதைவிடப் பொருத்தமான தொழில்கள் அதிகம் கிடையாது. யாரும் அதை அவர்களிடம் எடுத்துச் சொல்வதில்லை. அறியாமை ஒரு காரணம். சர்வேயர் என்றாலே முகம் சுளிக்கவைக்கும் கெட்ட பெயர் இன்னொரு காரணம். அந்தப் பெயரைத் துடைக்கும் பொறுப்பு அரசுக்கு இருக்கிறது. அதற்கான வழியும் அண்டை மாநிலத்திலேயே இருக்கிறது.

முதலில் வேலையைப் பார்ப்போம். வயலில் சர்வேயர் என்ன செய்கிறார் என்பது தள்ளி நின்று பார்ப்பவர்களுக்குப் பிடிபடுவதில்லை. ஒருவர் டேப்பைப் பிடிக்கிறார், இன்னொருவர் இழுக்கிறார், காகிதத்தில் ஏதோ குறிக்கிறார், ஓரிடத்தில் கல் ஊன்றச் சொல்கிறார். இதற்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்றுகூடத் தோன்றும். அவர் கையில் இருக்கும் புலப்படத்தைப் படிக்கத் தெரிந்தால் அப்படித் தோன்றாது. எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும் அந்தப் படம் ஒவ்வொரு புல எண்ணுக்கும் உண்டு. வயலின் மூலைகளை இணைத்து ஒரு நேர்கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டின் மேல் இத்தனை தூரம் நடந்து, அங்கிருந்து செங்குத்தாக இத்தனை தூரம் விலகினால் வரப்பு வளையும் இடம் வரும் என்று ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு எண்கள் குறித்திருப்பார்கள். வெள்ளம் வந்து வரப்பே கரைந்து போனாலும், அந்த எண்களை வைத்துக்கொண்டு அதை இருந்த இடத்திலேயே மறுபடி எழுப்பிவிடலாம். சென்னை மாகாணத்தின் நில அளவைப் பணியாளர்கள் சங்கிலியையும் செங்கோணம் பார்க்கும் கிராஸ் ஸ்டாஃப் கருவியையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று செய்துவைத்த வேலை அது. இன்றைக்கும் தமிழ்நாட்டின் நில எல்லைகள் அந்த எண்களின் மேல்தான் நிற்கின்றன.

ஒரு நிபந்தனை உண்டு. கோடு தொடங்கும் இடத்துக் கல்லும் முடியும் இடத்துக் கல்லும் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்காது. ஒன்று சாலைக்கு அடியில் போயிருக்கும். இன்னொன்று போர் போட வந்த லாரி ஏறிச் சாய்ந்திருக்கும். மூன்றாவதை யாரோ இரவோடு இரவாகப் பெயர்த்து நாலடி தள்ளி நட்டிருப்பார்கள். அப்போது சர்வேயர் பக்கத்துப் புல எண்களுக்குப் போய், அசையாமல் நிற்கும் பழைய கற்களைத் தேட வேண்டும். மூன்று கிராமங்களின் எல்லை சந்திக்கும் இடத்துக் கல் கிடைத்தால் நல்லது. இரண்டு கற்களுக்கு நடுவே படம் சொல்லும் தூரமும் டேப் சொல்லும் தூரமும் ஒத்துப்போனால் அந்தக் கற்களை நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் எந்தக் கல் நகர்ந்தது என்று மூன்றாவது கல்லிடமிருந்து கண்டுபிடிக்க வேண்டும். பழைய படத்தில் அளவுகள் லிங்க்கில் இருக்கும், புதிய படத்தில் மீட்டரில் இருக்கும். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க். ஒரு சதுரச் சங்கிலி என்றால் 10 சென்ட். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். இந்தக் கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். சுற்றிலும் இரண்டு குடும்பங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று முறைத்துக்கொண்டிருக்கும்போது நிதானம் தவறாமல் போட வேண்டிய கணக்கு இது.

காகிதத்திலும் சிக்கல் உண்டு. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் திட்டம் நடந்தது. யுடிஆர் என்று அதைச் சொல்வார்கள். மாநிலம் முழுவதற்கும் பட்டாக்களைப் புதுப்பித்த பெரிய வேலை அது. பெரிய வேலைகளில் நேரும் பிழைகள் அதிலும் நேர்ந்தன. அண்ணன் நிலம் தம்பி பெயரில் ஏறியது, உட்பிரிவு எண் இடம் மாறியது, பரப்பு கூடியது அல்லது குறைந்தது. கைப்பிரதியாக இருந்த பதிவேடு பின்னால் கணினிக்கு ஏறியபோது அந்தப் பிழைகளும் கூடவே ஏறின. அதனால்தான் பத்திரம் ஒரு பரப்பையும் பட்டா இன்னொரு பரப்பையும் நிலம் மூன்றாவது பரப்பையும் காட்டும் நிலைமை பல குடும்பங்களுக்கு இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலக மனுநீதி நாளில் யுடிஆர் பிழை என்ற சொல்லைக் கேட்காமல் வெளியே வருவது கடினம். இவற்றைத் தீர்க்கக் களத்துக்குப் போய் அளந்து சொல்லும் ஆள் வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து தீர்க்க முடிவது எழுத்துப் பிழை மட்டுமே.

இத்தனைக்கும் தமிழகத்துக்கு நில அளவை புதிதல்ல. முதலாம் ராஜராஜன் காலத்தில் சோழ நாடு அளக்கப்பட்டதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அந்தப் பணியோடு தொடர்புடைய அதிகாரி உலகளந்தான் என்ற பட்டம் பெற்றிருந்தார். தஞ்சைக் கல்வெட்டுகளில் வரும் நிலக்கணக்கில் வேலி என்ற நில அளவின் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒரு பங்குவரை பின்னம் இறங்குகிறது. முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு. கீழ் என்று முன்னால் சேர்த்தால் அதில் மறுபடி 320-இல் ஒரு பங்கு. அத்தனை சிறிய துண்டை எந்தக் கோலாலும் தரையில் அளந்திருக்க முடியாது. அது வரிக் கணக்கரின் பின்னம். ஆனாலும் ஒரு துளியும் கணக்கில் விடுபடக் கூடாது என்ற பிடிவாதம் அதில் தெரிகிறது.

நவீன இந்திய நில அளவையின் முக்கியமான கட்டங்களும் இங்கேதான் தொடங்கின. மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவையாளரின் முயற்சியால் 1794-ஆம் ஆண்டு மே மாதம் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. எட்டு மாணவர்களோடு தொடங்கிய அந்தப் பள்ளிதான் வளர்ந்து, இடம் மாறி, இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியானது. தமிழ்நாட்டில் பெற்றோர் முதல் விருப்பமாக எழுதும் கல்லூரியின் வேர், அவர்கள் விருப்பப் பட்டியலிலேயே இல்லாத ஒரு தொழிலில் இருக்கிறது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1802 ஏப்ரல் 10 அன்று, வில்லியம் லாம்டன் என்ற நில அளவையாளர் பரங்கிமலைக்கு அருகே ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் சுமார் 12 கிலோமீட்டர். உருக்குச் சங்கிலி வெயிலில் நீண்டுவிடும் என்பதால் அதைப் பெட்டிகளில் கிடத்தி, மேலே கூடாரத் துணி பிடித்து, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே நகர்த்தினார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரிந்த அளவைதான் பல பத்தாண்டுகளில் இமயமலை வரை போனது. ராதாநாத் சிக்தார் என்ற வங்காளிக் கணிதர் போட்ட கணக்கில் எவரெஸ்ட் சிகரம் உலகிலேயே உயரமானது என்று தெரியவந்ததும் அந்த அளவைக் குறிப்புகளிலிருந்துதான். லாம்டனின் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. வேறொருவராக இருந்தால் வேலையை நிறுத்தியிருப்பார். அவர் வாரக்கணக்கில் உட்கார்ந்து, வளைந்த வட்டத்தைத் தன் கையாலேயே நிமிர்த்தி, மறுபடி அளக்கப் போனார்.

இன்று அந்த அரை டன் கருவி செய்த வேலையை முக்காலியில் நிற்கும் டோட்டல் ஸ்டேஷன் செய்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கோணமும் தூரமும் ஒன்றாக வந்துவிடும். செயற்கைக்கோள் சமிக்ஞையை வைத்து அளக்கும் டிஜிபிஎஸ் கருவிகள் வந்துவிட்டன. ஓரிடத்தில் நிரந்தரமாக நின்று திருத்தம் அனுப்பிக்கொண்டிருக்கும் கோர்ஸ் நிலையங்களை இந்திய நில அளவைத் துறை நாடெங்கும் நிறுவிவருகிறது. அந்தத் திருத்தத்தோடு அளந்தால் பிழை சில சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கைப்பேசியிலேயே நிலத்தை அளந்துவிடலாம், இனி சர்வேயர் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியிலேயே சில மீட்டர் தவறும். மூன்று மீட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம், ஏறக்குறைய பத்தடி. ஒரு சென்ட் மனை என்பது 435.6 சதுர அடி, சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 21 அடிகூட வராது. அதில் பத்தடி தவறினால் பாதி மனை பக்கத்து வீட்டுக்காரருக்குப் போய்விடும். தோப்பு எவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாகப் பார்க்கக் கைப்பேசி போதும். மதில் சுவர் எழுப்பப் போதாது.

கருவி கூர்மையாகிவிட்டதால் ஆளின் தேவை குறைந்துவிடவில்லை. டிஜிபிஎஸ் தரும் ஆயத்தொலைவு உலக வரைபடத்தில் மிகச் சரியாக இருக்கும். ஆனால் வழக்கில் இருப்பது பழைய புலப்படத்தின் எல்லை. இரண்டையும் பொருத்தும்போது நாலு விரற்கடை இங்கும் அங்கும் வரும். எந்தக் கல்லை நம்புவது, எந்தக் கோட்டைத் திருத்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பு மனிதருடையது. ஆந்திரத்தில் 2020 டிசம்பரில் தொடங்கிய மறுநில அளவையில் ட்ரோனும் செயற்கைக்கோளும் பயன்பட்டன. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் கிராம சர்வேயர்களாக வேலைக்கு வந்தார்கள். அவ்வளவு தொழில்நுட்பம் இருந்தும் பரப்பு குறைந்துவிட்டது, எல்லை மாறிவிட்டது என்ற புகார்கள் ஏராளமாக எழுந்தன. வரப்பில் நின்று உரிமையாளர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைக்கும் வேலையை எந்த இயந்திரமும் செய்து தராது.

இதுவரை சொன்னது வயல். கட்டடத்துக்கும் இது பொருந்தும், சொல்லப்போனால் இன்னும் அவசரமாக. சிற்றூர்களில் வீடு கட்டும் மேஸ்திரி 3-4-5 கணக்கில் மூலைமட்டம் பார்த்து, நூல் கட்டி, கடைக்கால் தோண்டச் சொல்வார். மூன்றடி, நாலடி, குறுக்கே ஐந்தடி வந்தால் மூலை செங்கோணம். அருமையான முறை அது, பிழையற்றது. அதனால் வீடு கோணாமல் இருக்கும். ஆனால் வீடு யாருடைய மண்ணில் நிற்கிறது என்பதை அது சொல்லாது. மனையின் நாலாவது மூலை எங்கே என்று அளக்காமல் எழுப்பிய சுவர்தான் பின்னால் வழக்காகிறது. நீதிமன்றம் ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமிக்கும், அவர் ஒரு சர்வேயரை அழைத்துக்கொண்டு வந்து அளப்பார். கடைக்கால் தோண்டும் முன் அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பத்து வருட வழக்குக்கு நடுவே நடக்கும்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையில் கட்டட அனுமதி தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுபவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி பெறலாம். அலுவலகப் படியேறும் அலைச்சலை மிச்சப்படுத்தும் நல்ல திட்டம். ஆனால் மனையின் அளவும் எல்லையும் விண்ணப்பதாரர் சொல்வதுதான். அவருக்கு அதை அளந்து சொன்னவர் யார் என்ற கேள்வி முன்னைவிட இப்போது முக்கியமாகிறது.

பெரிய கட்டுமானங்களில் இந்த வேலையின் மதிப்பு நன்றாகத் தெரியும். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் பனகல் பூங்காவில் இறங்கிக் கோடம்பாக்கத்தை நோக்கி மண்ணைக் குடைந்த பெலிகன் என்ற சுரங்க இயந்திரத்துக்கு வழி காட்டியது அளவைதான். பூமிக்கு அடியில் ஜிபிஎஸ் எடுக்காது. மேலே சாலையில் நிறுவிய புள்ளிகளின் அளவைச் செங்குத்தான குழி வழியாகக் கீழே இறக்கி, சுரங்கச் சுவரில் புள்ளி வைத்து, அங்கிருந்து இயந்திரம் எந்தத் திசையில் எத்தனை சரிவில் போகிறது என்று தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சிறு கோணப் பிழை போகப்போகப் பெருகும். அதே நேரத்தில் மேலே உள்ள பழைய வீடுகளின் சுவர்களில் பிரதிபலிப்பான்களை ஒட்டி, கட்டடம் மில்லிமீட்டர் கணக்கில் இறங்குகிறதா என்றும் கவனிக்க வேண்டும். நிலையம் திறக்கும் நாளில் இந்த வேலையைச் செய்தவர்களின் பெயர் எங்கும் வராது. வர வேண்டும்.

இதற்கெல்லாம் எப்படிப் போவது? பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐடிஐயில் சர்வேயர் என்றே ஒரு பிரிவு உண்டு, இரண்டு ஆண்டு. கட்டட வரைவாளர் பிரிவும் உண்டு. பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ மூன்று ஆண்டு. பிளஸ் டூவில் கணிதம் எடுத்தவர்களுக்குக் கிண்டி பொறியியல் கல்லூரியில் ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் என்ற பி.இ. பட்டப்படிப்பு இருக்கிறது, செயற்கைக்கோள் படம், வரைபட மென்பொருள், நில அளவை மூன்றும் சேர்ந்த படிப்பு. அரசு வேலை வேண்டுமானால் டிஎன்பிஎஸ்சி வழியாக நில அளவர், வரைவாளர் பணிகளுக்குத் தேர்வு நடக்கிறது. 2022-இல் ஒரே அறிவிப்பில் 1,089 இடங்கள் வந்தன. தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய். ஐடிஐ படித்தவரும் டிப்ளமோ படித்தவரும் எழுதக்கூடிய தேர்வு அது. பட்டம் இல்லாமல் மரியாதையான அரசுப் பணிக்குப் போகும் வழிகள் குறைந்துகொண்டே வரும் காலத்தில், இந்த வழியைக் கிராமப்புறப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

தனியாரிலும் இடம் இருக்கிறது. சாலை, ரயில், காற்றாலை, சூரிய மின் பூங்கா, மனைப்பிரிவு என எது தொடங்கினாலும் முதலில் வந்து நிற்பவர் சர்வேயர். துபாயிலும் தோகாவிலும் சிங்கப்பூரிலும் கட்டுமானத் தளங்களில் டோட்டல் ஸ்டேஷனோடு நிற்கும் தமிழர்கள் பலர், இங்கே ஒரு சிற்றூர் ஐடிஐயிலிருந்து போனவர்கள். 2021 பிப்ரவரியில் மத்திய அரசு வரைபடம் தயாரிப்பதற்கு இருந்த அனுமதிக் கட்டுப்பாடுகளை விலக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் எளிதாயின; பத்தாம் வகுப்பு தேறி, 18 வயது நிரம்பி, அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பயிற்சி முடித்தால் ட்ரோன் இயக்கும் சான்றிதழ் பெறலாம். 2025 பிப்ரவரியில் தொடங்கிய நக்‌ஷா திட்டம் 26 மாநிலங்களிலும் 3 யூனியன் பிரதேசங்களிலும் உள்ள 152 நகர்ப்புற உள்ளாட்சிகளின் நிலங்களை வானிலிருந்து படமெடுத்து அளக்கிறது. சிவில் பட்டம் பெற்று ஐந்து ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் தேர்வு எழுதி, நிலம் மற்றும் கட்டட மதிப்பீட்டாளராகப் பதிவு செய்துகொள்ளலாம். படிப்படியாக ஏறிப்போக இடமுள்ள தொழில் இது.

பெண்களுக்கு இந்த வேலை ஆகாது என்ற எண்ணத்தையும் கைவிட வேண்டும். பளுவான சங்கிலியை இழுத்துக்கொண்டு முள்ளுக்குள் நடந்த காலத்து நினைப்பு அது. இன்று தமிழ்நாட்டில் பெண் சர்வேயர்கள் வயலுக்குப் போய் அளக்கிறார்கள். பங்குப் பிரிவினையில் ஒதுங்கி நிற்கும் மகள்களும் மருமகள்களும் தங்கள் பங்கு எங்கே வருகிறது என்று ஒரு பெண் சர்வேயரிடம் கூச்சமில்லாமல் கேட்பார்கள். சொத்தில் பெண்ணுக்குச் சம பங்கு என்று சட்டம் சொல்லியாகிவிட்டது. அந்தப் பங்கு தரையில் எங்கே இருக்கிறது என்று காட்டுவது அடுத்த படி.

இப்போது கெட்ட பெயரைப் பற்றிப் பேசியாக வேண்டும். லஞ்ச ஒழிப்புத் துறையின் பொறியில் சர்வேயர் சிக்கிய செய்தி நாளிதழ் வாசகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. மக்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சில தனிமனிதர்களின் பேராசை என்று மட்டும் சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஒரு குறுவட்டத்துக்கு ஒரு சர்வேயர், அவரிடம் குவிந்த மனுக்கள், அவரைத் தவிர வேறு யார் அளந்தாலும் செல்லாது என்ற நிலை: இப்படி ஓர் ஏற்பாட்டில் காத்திருப்புக்கு விலை உருவாகத்தான் செய்யும். நேர்மையான சர்வேயரும் இதே கூட்டத்தில் நெரிபடுகிறார். ஆக்கிரமிப்பை அளக்கப் போனால் மிரட்டல், எந்தப் பக்கம் சொன்னாலும் மறுபக்கத்தின் பழி, நடுவே நகரத் திட்டப் பணிகளுக்கும் நலத்திட்டப் பட்டாக்களுக்கும் அவசர அழைப்பு. 2007-ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்புச் சட்டம், ஏரியின் எல்லையை அளந்து வரையறுத்த பிறகுதான் ஆக்கிரமிப்பை அகற்றச் சொல்கிறது. ஏரிகள் மீளாமல் கிடப்பதற்கு அரசியல் துணிவின்மை ஒரு காரணம் என்றால், அளக்க ஆளில்லாமை இன்னொரு காரணம்.

அடிப்படையான கோளாறு வரிசையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு வயலில் பாதியை விற்பவர் முதலில் பத்திரம் பதிகிறார். சக்குபந்தி என்று நாலு எல்லையையும் வார்த்தைகளால் எழுதுகிறார்கள்: வடக்கே இன்னார் நிலம், தெற்கே வாய்க்கால். பணம் கைமாறிய பிறகு உட்பிரிவு பட்டாவுக்கு மனு போகிறது. அதன் பிறகுதான் சர்வேயர் வந்து அளக்கிறார். அப்போது பத்திரத்தில் எழுதிய அளவு நிலத்தில் இல்லை என்று தெரிந்தால் வாங்கியவர் தலையில் கை வைக்க வேண்டியதுதான். கர்நாடகத்தில் இது தலைகீழ். அங்கே ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை விற்க வேண்டுமானால் 11இ என்ற அளவைப் படம் முதலில் வேண்டும். அதை உரிமம் பெற்ற தனியார் சர்வேயர் அளந்து வரைகிறார், அரசுத் துறை சரிபார்க்கிறது, பிறகே பதிவு. தாமதமும் புகாரும் அங்கேயும் உண்டு. ஆனாலும் அளந்த பிறகு விற்பது என்ற வரிசை சரியானது.

இலங்கையில் இந்தத் தொழிலுக்குத் தனி மரியாதையே இருக்கிறது. அங்கே நில அளவைத் திணைக்களம் 1800-ஆம் ஆண்டு தொடங்கியது. 2002-ஆம் ஆண்டின் நில அளவைச் சட்டப்படி, பதிவு செய்து உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் அளவையாளர்கள் தனியாக அலுவலகம் வைத்து நடத்துகிறார்கள். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே ஒரு பீடம் இருக்கிறது. காணி உறுதிகளில் வரைபட இலக்கம், தேதி, அளவையாளர் பெயர் மூன்றும் எழுதப்படுகின்றன. படத்தில் தவறு இருந்தால் யாரிடம் கேட்பது என்பது அந்தக் காகிதத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பிள்ளை சர்வேயர் ஆகியிருக்கிறாள் என்று ஒரு தாய் பெருமையாகச் சொல்வதைப் போல இங்கேயும் சொல்லும் நாள் வர வேண்டும்.

தமிழக அரசு உரிமம் பெற்ற நில அளவர்களை ஏற்கெனவே பயன்படுத்தியிருக்கிறது. அரசு ஊழியர் பற்றாக்குறையைச் சமாளிக்கும் தற்காலிக ஏற்பாடாக அது நின்றுவிடக் கூடாது. நிரந்தரத் தொழிலாக, தேர்வும் பயிற்சியும் உரிம எண்ணும் உள்ள தொழிலாக அது வளர வேண்டும். உட்பிரிவாக விற்கப்படும் எந்த நிலத்துக்கும் ஆயத்தொலைவு குறித்த அளவைப் படம் இல்லாமல் சார்பதிவாளர் பதியக் கூடாது. படத்தில் அளந்தவரின் உரிம எண் இருக்க வேண்டும். துறையின் சர்வேயர்கள் வரும் எல்லாப் படங்களையும் மறுபடி அளப்பதை விட்டுவிட்டு, குலுக்கலில் வரும் சிலவற்றை மட்டும் களத்தில் சோதித்தால் போதும். பொய்யாக அளந்தவருக்கு உரிமம் போகும், இழப்பீடும் அவர் தலையில் விழும் என்ற நிலை வேண்டும். தனியாருக்குக் கொடுத்தால் பணம் உள்ளவர் பக்கம் கோடு சாயும் என்ற அச்சம் புறந்தள்ளத்தக்கதல்ல. நோட்டீஸ் கொடுத்துப் பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில்தான் அளக்க வேண்டும் என்ற விதியும், படத்தை இணையத்தில் எவரும் பார்க்கலாம் என்ற ஏற்பாடும் அந்த அச்சத்துக்குப் பதில். கோடு எங்கே போகிறது என்பது ஊருக்கே தெரிந்தால் அதை வளைப்பது கடினம். காஞ்சிபுரத்திலோ தேனியிலோ ஒரு வட்டத்தில் ஓராண்டு இதை நடத்திப் பார்க்கலாம்.

இந்த ஜூன் மாதம் ஐடிஐ அல்லது பாலிடெக்னிக் விண்ணப்பத்தோடு நிற்கும் பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் சேருமுன் அந்த நிறுவனத்துக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. டோட்டல் ஸ்டேஷன் எத்தனை இருக்கிறது, அது கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா, மாணவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வெளியே நின்று அளக்கிறார்கள், படம் வரையும் கேட் (CAD) மென்பொருளும் வரைபடம் தயாரிக்கும் க்யூஜிஐஎஸ் மென்பொருளும் கற்றுத் தருகிறார்களா என்று கேட்க வேண்டும். க்யூஜிஐஎஸ் இலவச மென்பொருள். வீட்டுக் கணினியிலேயே பழகலாம். விடுமுறையில் பக்கத்து ஊரில் சாலைப் பணியோ மனைப்பிரிவோ நடந்தால், அங்கே அளக்கும் சர்வேயரோடு ஒரு வாரம் ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடிக்கப் போகலாம். பெரும்பாலான சர்வேயர்கள் கூட ஆள் கிடைத்தால் மறுக்க மாட்டார்கள். வெயிலும் முள்ளும் பிடிக்கிறதா, ஒரு மூலையில் தொடங்கிச் சுற்றி வந்து அதே மூலையில் எண் கூடும்போது மனம் மகிழ்கிறதா என்பது அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மகிழ்ந்தால் கலந்தாய்வில் தைரியமாக இதைத் தேர்ந்தெடுக்கலாம்.